பழைய லெப்டொப்பும் ஒரு பென் டிரைவும்: ஹைக்கு ஓஎஸ் உருவாக்கத்தில் கைகோர்ப்பது எப்படி?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கணினி திருத்தும் கடைக்குள் போனால், விண்டோஸ் 11 ஏறாது என்று ஒதுக்கி வைத்த லெப்டொப்கள் மூலையில் கிடக்கும். அவற்றில் ஒன்று கையில் கிடைத்தால், ஒரு சிறிய குழு பல ஆண்டுகளாகக் கட்டிவரும் ஓஎஸ்ஸின் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளின்) உருவாக்கத்தில் நீங்களும் சேரலாம். புரோகிராமிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே பெரிய வேலை ஒன்று காத்திருக்கிறது.

அந்த ஓஎஸ்ஸின் பெயர் ஹைக்கு. அப்பிளில் இருந்து விலகிய ஜோன்-லூயி கஸே 1990இல் தொடங்கிய ‘பீ’ நிறுவனம் பீஓஎஸ்ஸை உருவாக்கியது. 1996 இறுதியில் புது ஓஎஸ் தேடிய அப்பிள், பீயை விட்டு நெக்ஸ்ட் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. 2001இல் பீயின் சொத்துகள் பாம் நிறுவனத்தின் கைக்குப் போயின. பீஓஎஸ்ஸைக் கைவிட மனமில்லாத சிலர் அதே ஆண்டு அதைத் திறந்த மூலமாக, அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய நிரலாகத் திரும்ப எழுதத் தொடங்கினார்கள். முதலில் ஓப்பன்பீஓஎஸ் என்று இருந்த பெயர் 2004இல் ஹைக்கு ஆனது. ஐந்தாவது பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, 2024 செப்டெம்பரில் வெளியானது. லினக்ஸின் இன்னொரு வகை என்று நினைத்துவிட வேண்டாம். ஓஎஸ்ஸின் மையப்பகுதியான கேர்னலில் இருந்து சாளரங்கள் வரை எல்லாமே வேறு.

படி 1: கணினியும் டவுன்லோடும்

384 எம்பி ரேம் இருந்தாலே ஹைக்கு ஓடும். 2 ஜிபி இருந்தால் தாராளம். 64-பிட், 32-பிட் என்று இரண்டு பதிப்புகள் உண்டு. மிகப் பழைய கணினி என்றால் மட்டும் 32-பிட்டை எடுங்கள். கோப்பு ஒரு ஜிபியைத் தாண்டும் என்பதால், நைட் டேட்டா உள்ள பக்கேஜ் வைத்திருப்பவர்கள் படுக்கப்போகும்போது டவுன்லோட் போட்டுவிடலாம்.

படி 2: பென் டிரைவில் எழுதுவது

எட்சர் என்ற இலவசச் செயலியைத் திறந்து, டவுன்லோட் செய்த கோப்பையும் பென் டிரைவையும் காட்டினால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலிலேயே வேறு இடத்தில் கொப்பி பண்ணி வையுங்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் லெப்டொப்பின் யூஎஸ்பி துளையையும் ஒருமுறை பாருங்கள். உப்புக்காற்றில் தகடு கறுத்துப்போயிருந்தால் எழுதும்போது பாதியில் அறுந்துவிடும். வேறு துளையில் செருகுவது நல்லது.

படி 3: பூட் செய்வது

கணினி தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய், அங்கீகரிக்கப்படாத ஓஎஸ்ஸைத் தடுக்கும் ‘செக்கியூர் பூட்’ இருந்தால் நிறுத்துங்கள். பிறகு பூட் மெனுவில் பென் டிரைவைத் தெரிவு செய்யுங்கள். திரையில் வரிசையாகச் சில சின்னங்கள் மங்கலாகத் தெரிந்து, ஒவ்வொன்றாக ஒளிபெறும். எந்தச் சின்னத்தில் வந்து நின்றது என்பதே பிழையைத் தேடுபவருக்கு ஒரு துப்பு, அதனால் நின்றால் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிச் சின்னம் வரை போய்த் திரை இருண்டுபோனால், திரும்பப் பூட் செய்யும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள்; புதிய கணினிகளில் ஸ்பேஸ் விசை. வரும் மெனுவில் பாதுகாப்பான கிராஃபிக்ஸ் டிரைவரைத் தெரிவு செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மொழி கேட்கும் சாளரத்தில் ‘ட்ரை ஹைக்கு’ என்பதை அழுத்துங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் தொடாமல் பென் டிரைவில் இருந்தே ஓடும். வைஃபை பிடிக்காவிட்டால் ரௌட்டரில் இருந்து கேபிள் இழுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் தலைப்புப் பட்டை உள்ள சாளரங்களைக் கொஞ்ச நேரம் திறந்து மூடிப் பழகுங்கள். இதன் கோப்பு முறைமையான பிஎஃப்எஸ், ஜர்னல் எழுதிவைக்கும் வகை, அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துவைக்கும். பற்றரி செத்த லெப்டொப்பில் திடீரென்று கரண்ட் போனாலும் வட்டு குழம்புவது அரிது.

படி 4: தமிழைச் சோதிப்பது

என்னைக் கேட்டால் நம்மவர்கள் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை டவுன்லோட் செய்யுங்கள். ஹைக்குவில் ஹோம், கொன்ஃபிக், நொன்-பேக்கேஜ்ட், டேட்டா, ஃபொன்ட்ஸ் என்று கோப்புறைக்குள் கோப்புறையாகப் போய், கடைசிக் கோப்புறையில் அதைப் போடுங்கள். இல்லாத கோப்புறையை அதே பெயரில் உருவாக்கிக்கொள்ளலாம். அப்புறம் உங்கள் போனில் ‘கொக்கட்டிச்சோலை’ என்று மட்டும் எழுதிய ஒரு டெக்ஸ்ட் கோப்பை இன்னொரு பென் டிரைவில் கொண்டுவந்து, ஸ்டைல்ட்எடிட் செயலியில் திறந்து, எழுத்துருவை மாற்றுங்கள்.

அந்த ஊர்ப்பெயரைச் சும்மா எடுக்கவில்லை. கொ, சோ, லை என்று கொம்பு முன்னால் வரும் மூன்று எழுத்துகள் அதற்குள் இருக்கின்றன. ‘லை’ என்பதை யூனிகோட் லகரம் முதலில், இணைக்கொம்பு அடுத்ததாகத்தான் சேமித்து வைக்கிறது. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். ‘கொ’வில் இன்னும் சிக்கல், ஒரே குறியைப் பிரித்துக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் போட வேண்டும். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் இதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம். ஹைக்குவில் சாளரங்களை வரையும் ஆப்_சேர்வர், எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரைகிறது. அதனால் லகரம் முன்னே நிற்க, கொம்பு பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். உயிர்மெய்யே உடைந்துபோனால் வாசிப்பது எப்படி? தமிழர் ஒருவர் இதை அன்றாடம் பாவிக்க முடியாமல் இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 5: பிழையை அறிவிப்பது

ஹைக்குவின் பிழைப் பதிவேடு டிராக் என்ற மென்பொருளில் நடக்கிறது. கணக்குத் திறந்ததும் முதலில் தேடுங்கள். அதே பிழைக்கு டிக்கெட் (பிழைக்கான பதிவு) ஏற்கெனவே இருந்தால் புதிதாகத் திறக்காமல், உங்கள் சான்றை அதன் கீழே சேருங்கள். ஒரு டிக்கெட்டில் ஒரு பிழைதான். ‘அபௌட் ஹைக்கு’ சாளரத்தில் எச்ஆர்ஈவி என்று தொடங்கும் எண் இருக்கும். அதைக் கட்டாயம் எழுதுங்கள், எந்த நிலை மூலநிரலில் பிழை வந்தது என்று காட்டுவது அதுதான். வன்பொருள் பிழை என்றால், ஓஎஸ் தன் செயல்களைப் பதிந்துவைக்கும் சிஸ்லொக் கோப்பையும் இணையுங்கள்.

தமிழ்ப் பிழைக்கு ஸ்கிரீன்ஷொட் மட்டும் போட்டால் போதாது. ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ இருந்து பார்ப்பவருக்கு உடைந்த ‘லை’யும் சரியான ‘லை’யும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதே சொல் போனில் தெரிவதையும் பக்கத்தில் வைத்து, கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டு, எந்தக் குறி எந்த வரிசையில் சேமிக்கப்பட்டது என்பதை எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். நீங்கள் கொடுக்கும் பத்துப் பதினைந்து சொற்கள், பிறகு அந்தப் பகுதியை எழுதப்போகிறவருக்குச் சோதனைத் தாளாகவே பயன்படும்.

கணினி முழுவதும் உறைந்து ‘வெல்கம் டு கேர்னல் டிபக்கிங் லாண்ட்’ என்று எழுத்துத் திரை வந்தால் பயப்பட வேண்டாம். உடனே அணைத்துவிடாமல், எல்லா வரிகளும் தெளிவாகத் தெரியும்படி போனில் படம் எடுத்து இணையுங்கள்.

படி 6: அதற்கு மேல்

சி++ புரோகிராமிங் மொழி தெரிந்தவர்கள், நிரல் திருத்தங்களைப் பரிசீலிக்கும் ஜெரிட் தளத்தில் திருத்தங்களை அனுப்பலாம். எளிய வேலைகள் டிராக்கில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். திறந்த மூல மென்பொருளில் வேலை செய்யப் புதியவர்களுக்கு கூகுள் உதவித்தொகை தரும் ‘சம்மர் ஒஃப் கோட்’ திட்டத்தில் ஹைக்கு 2007இல் முதன்முதலில் சேர்ந்து பல ஆண்டுகள் பங்கெடுத்திருக்கிறது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கும் மாணவர்கள் அந்த அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருங்கள். தமிழ் எழுத்துகளைச் சரியான வரிசையில் கோத்துக் காட்டவைக்கும் வேலை ஒரு திட்ட முன்மொழிவாக எழுதத் தகுந்த அளவு பெரியது.

டிக்கெட்டை யாராவது சரிசெய்ததாகக் குறித்தால் அடுத்த பீட்டா வரை காத்திருக்க வேண்டியதில்லை. நைட்லி எனப்படும் அன்றாடப் பதிப்பைப் பென் டிரைவில் எழுதி, அதே டெக்ஸ்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். சரியாகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், புதிய எச்ஆர்ஈவி எண்ணோடு டிக்கெட்டில் எழுதிவிடுங்கள்.