வரைபடத்துக்குச் சரி சொல்லும் முன் தரையில் கோடு போட்டுப் பாருங்கள்

கால்நடை மருத்துவமனை கட்டப் போகிறவர்கள், பரிசோதனை அறையையும் அறுவை அறையையும் முழு அளவில் வெறுந்தரையில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, மேஜை வரும் இடத்தில் நிஜமாகவே ஒரு மேஜையை வைத்து, பெரிய நாய் ஒன்றைக் கயிற்றோடு உள்ளே நடத்திப் பாருங்கள். தாளில் தாராளமாகத் தெரியும் அறை, மருத்துவர், உதவியாளர், நாயைக் கொண்டுவந்தவர் என்று மூன்று பேர் மேஜையைச் சுற்றி நின்றதும் சுருங்கிவிடும். கதவு திறக்கும் வளைவையும் மறக்காமல் வரையுங்கள், தகராறு பெரும்பாலும் அங்கேதான்: உள்பக்கம் திறக்கும் கதவு என்றால் ஸ்ட்ரெச்சரைத் திருப்பவே இடமிருக்காது. கோட்டை அழிக்கத் துடைப்பம் போதும். எழுப்பிய சுவரை இடித்தால் போவது கடன் வாங்கிய பணம், அதுவும் வட்டியோடு.

எக்ஸ்ரே அறைக்கு இது உதவாது, அங்கே சுவரின் தடிமனும் ஈயத் தகடும் கதிர்வீச்சுக் கணக்கைப் பொறுத்தவை. கழிவுநீர்ச் சரிவு, காற்றோட்டம் இரண்டையும் பொறியாளரிடமே விட்டுவிடுங்கள். அப்புறம், மாடு, குதிரைக்கான பகுதிக்கும் சுண்ணாம்பு போதாது, கோட்டைப் பார்த்து மாடு ஒதுங்கி நிற்கவா போகிறது? அங்கே கம்பு நட்டுக் கயிறு கட்டித்தான் பார்க்க வேண்டும்.