சின்னக் காடுதானே என்று கிளம்புகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் காட்டுக்குப் போவதை யாரும் பயணமாக நினைப்பதில்லை. எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கி, காப்பிக்கடையில் ஒரு தே குடித்துவிட்டுப் பத்து நிமிடம் நடந்தால் காடு வந்துவிடுகிறது. ஆக உயரமான புக்கிட் தீமா குன்றின் உச்சியே ஏறத்தாழ 163 மீட்டர்தான். அதனால் "சின்னக் காடுதானே" என்ற நினைப்பு தானாகவே வந்துவிடும். பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் இந்தப் பாதைகளுக்கு அழைத்துப் போகிறேன். நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் அந்த நினைப்பில் தொடங்கியவைதான். காடு சின்னது என்பது உண்மை. இந்தத் தீவின் பழைய காட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துவிட்டது. மிச்சமிருப்பது கொஞ்சம் என்பதால்தான் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது.

முதலில் நேரம். பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம். ஆண்டு முழுதும் ஏழு மணிவாக்கில்தான் சூரியன் மறையும். அதை நம்பி ஐந்தரைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. ஆனால் அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஆறரை மணிக்கே காலடியில் வேர் எது, பள்ளம் எது என்று தெரியாது. புக்கிட் தீமா காப்புக்காடு காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணி வரைதான் திறந்திருக்கும். அந்த ஏழு மணி என்பது வெளியே வந்துவிட வேண்டிய நேரம். மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்திலிருந்து தொங்கு நடைபாலத்துக்குப் போய்த் திரும்புவது சுமார் 10, 11 கிலோமீட்டர். 250 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் ஒரே திசையில்தான் நடக்கலாம். திங்கட்கிழமை வழக்கமாக மூடியிருக்கும், மற்ற நாளில் மாலை ஐந்து மணிக்கு அடைத்துவிடுவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். பராமரிப்புக்காகப் பாதைகளை மூடும் தகவலும் அங்கேதான் வரும்.

தண்ணீரும் இதே கதைதான். நிழல்தானே என்று அரை லிட்டர் போத்தலோடு வருகிறார்கள். காட்டுக்குள் காற்று அசையாது, ஈரப்பதம் அதிகம், வேர்வை காயாமல் சட்டையிலேயே ஊறும். உடம்பு சூட்டை இறக்க முடியாமல் தவிப்பது தலை சுற்றும்போதுதான் தெரியும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

குரங்கு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருமுறை அண்ணி எல்லாருக்கும் இடியப்பம் கட்டி, சிவப்பு நெகிழிப் பையில் போட்டுக் கையில் தொங்கவிட்டபடி வந்தார். பாதையோரம் நீளவால் குரங்குக் கூட்டம் ஒன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தது. பை ஒருமுறை சரசரத்தது. ஒரு பெரிய கடுவன் மட்டும் தலையைத் தூக்கியது. அண்ணி பயத்தை மறைத்து அதைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். அடுத்த கணம் அது பாய்ந்து பையின் அடியைக் கிழித்துவிட்டது. பொட்டலம் விழுந்ததும் தாளை இரண்டு விரலால் பிரித்து, தேங்காய்ப்பூவை ஒதுக்கிவிட்டு இடியப்பத்தை மட்டும் எடுத்துத் தின்றது. பொட்டலத்துக்குள் என்ன இருக்கும், அதை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. அவ்வளவையும் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான்.

அன்று நாங்கள் செய்த தவறு மூன்று. சரசரக்கும் பையை வெளியே தெரிய எடுத்துப் போனோம். உணவு முதுகுப்பைக்குள், மூடிய டப்பாவில் இருந்திருக்க வேண்டும். நேருக்கு நேர் கண்ணைப் பார்த்தோம். பல்லைக் காட்டினோம், நமக்குச் சிரிப்பாக இருப்பது குரங்குக்கு மிரட்டல். குரங்கு நெருங்கினால் ஓடாமல், கத்தாமல், பிள்ளைகளை நடுவில் விட்டு மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். அது கையிலிருப்பதைப் பிடித்துவிட்டால் இழுபறி வேண்டாம்.

சனிக்கிழமை ஆஞ்சநேயரை நினைத்து வாழைப்பழம் கொண்டுவந்து வைக்கிறவர்களிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். உங்கள் பக்தி எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் பழம் குரங்குக்கு நல்லது செய்வதில்லை. கைநீட்டி வாங்கப் பழகிய குரங்கு சாலையோரத்தில் காத்திருக்கத் தொடங்கும், கார்ச் சக்கரத்தில் அடிபடும், வீடுகளுக்குள் நுழையும், பிறகு அதைப் பிடித்துப் போகச் சொல்லிப் புகார் போகும். காட்டில் பழம் தின்று விதையைத் தூரத்தில் போட வேண்டிய வேலையும் நின்றுவிடும். சட்டமும் கடுமையானது. 2020 ஜூன் முதல் காட்டு விலங்குகளுக்கு உணவு கொடுத்தால் முதல் முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

அடுத்தது, பாதையைவிட்டு ஓரமாக நடப்பது. செய்கிறவருக்கு இது தவறு என்றே தோன்றாது. மழை பெய்த மறுநாள் பாதையின் நடுவில் சேறு. காலணி அழுக்காகக் கூடாதென்று முதல் ஆள் ஓரத்துப் புல்லில் கால் வைக்கிறார். பின்னால் வரும் இருபது பேரும் அதே இடத்தில் வைக்கிறார்கள். மாலைக்குள் அந்தப் புல்லும் சேறாகிவிடும். மறுநாள் வருகிறவர் இன்னும் ஓர் அடி தள்ளி நடப்பார். ஒருநாள் குனிந்து அந்த ஓரத்தைப் பாருங்கள். விரல் உயரத்தில், இரண்டே இலையோடு கன்றுகள் நிற்கும். அவற்றில் சில பெரிய காட்டு மரங்களின் குழந்தைகள். ஒரு மிதியில் மண் இறுகிவிடும், தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடும், மேல்மண் கரைந்து வேர் வெளியே தெரியும், ஒரு பெருமழையில் சரிவே இளகும். புக்கிட் தீமா காட்டைச் சீரமைக்க 2014-இலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மூடி வைத்தார்களே, தேய்ந்துபோன பாதைகளையும் சரிவுகளையும் சரிசெய்வதும் அந்த வேலையில் ஒன்றுதான். ஆகவே சேறு வந்தால் சேற்றிலேயே நடங்கள். பழைய காலணியைப் போட்டு வாருங்கள், வீட்டில் கழுவிக்கொள்ளலாம்.

பறிப்பதைப் பற்றியும் மனம்விட்டுச் சொல்கிறேன். கம்பங்கள் (பழைய கிராமங்கள்) இருந்த இடங்களில் இன்னமும் டுரியான், ரம்புத்தான், மா, கறிவேப்பிலை எல்லாம் நிற்கின்றன. தாம்சன் இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் ஹைனானியர்கள் வாழ்ந்த கம்பம். வீடுகளின் படிகளும் தூண்களும் இன்றும் பாசி படிந்து கிடக்கின்றன. டுரியான் பருவத்தில் விடியற்காலையில் டார்ச் விளக்கோடு வருகிறவர்கள், பூசைக்கு மாவிலை ஒடிக்கிறவர்கள், தொட்டியில் வளர்க்கலாமென்று செடியை வேரோடு பிடுங்குகிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்திருக்கிறேன். காப்புக்காட்டிலும் பூங்காவிலும் இலையோ காயோ பறிப்பது குற்றம். கீழே விழுந்த பழத்துக்கும் அணிலும் பன்றியும் வரிசையில் நிற்கின்றன. பழுத்த டுரியான் மரத்தடியில் நிற்பதே ஆபத்து, இரண்டு கிலோ முள் தலையில் இறங்கினால் என்ன ஆகும்! கொண்டுபோய் வைப்பதும் தவறுதான். பழைய சாமி படங்களையும் உடைந்த சிலைகளையும் மரத்தடியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். என்ன செய்யலாம் என்று கோவிலில் கேளுங்கள்.

சத்தம் இன்னொன்று. முதுகுப்பையில் ஒலிபெருக்கியைத் தொங்கவிட்டுப் பாட்டுப் போட்டபடி நடக்கும் குழுவுக்குக் காடு வெறுமையாகத்தான் தெரியும், ஏனென்றால் அவர்கள் வருவதற்கு முன்பே எல்லாம் நகர்ந்துவிட்டிருக்கும். "ஒன்றுமே இல்லையே" என்று அவர்கள் சலித்துக்கொண்ட அதே வளைவில், ஐந்து நிமிடம் பேசாமல் நின்ற என் அண்ணன் மகள், மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டியிருந்த பறக்கும் லெமூரை, அதாவது மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும் சிறு விலங்கைக் கண்டுபிடித்தாள். அது கண்ணை மட்டும் திறந்து மூடியது. புகைப்படம் எடுப்பவர்கள் கைத்தொலைபேசியில் பறவைக்குரலைப் போட்டு ஈர்ப்பதும் வேண்டாம். தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டது என்று நம்பி, குஞ்சுக்கு இரை தேடும் நேரத்தைப் பறவை அதில் செலவழிக்கும்.

மழையும் மின்னலும் இங்கே விளையாட்டில்லை. உலகிலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூர் ஒன்று. சுமத்ராப் பக்கமிருந்து வரும் புயற்காற்று விடியற்காலையிலோ காலை நேரத்திலோ திடீரென்று வீசும். இடி கேட்டதும் பெரிய மரத்தடிக்கு ஓடுவது நம் பழக்கம். அதுதான் ஆக ஆபத்தானது. கிளை முறிவதும் அங்கேதான். வானம் கறுத்தாலே திரும்பிவிடுங்கள்.

பாம்பைக் கண்டால் நின்று, வழிவிட்டு, பின்வாங்குங்கள். படம் எடுக்க நெருங்காதீர்கள். இங்குள்ள கருநாகம் விஷத்தைப் பீய்ச்சக்கூடியது. கண்ணில் பட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே ஆம்புலன்ஸுக்கான 995-ஐ அழையுங்கள். காயம்பட்ட விலங்கைக் கண்டால் தொடாமல் தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கைத்தொலைபேசி வரைபடத்தில் மெல்லிய கோடு தெரிகிறதென்று எல்லா ஒற்றையடிப் பாதையிலும் இறங்கிவிடாதீர்கள். மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதியை ஒட்டியும் மேற்கிலும் ராணுவப் பயிற்சி இடங்கள் உண்டு. எச்சரிக்கைப் பலகைகளில் தமிழும் இருக்கிறது, படித்துவிட்டுத் திரும்புங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ரயில் பசுமைப் பாதைதான். 24 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். 2011 ஜூலை 1-இல் மலாயா ரயில் ஓடிய நிலம் சிங்கப்பூருக்குத் திரும்பியதால் கிடைத்த பாதை. நம் ஆட்கள் பலர் உழைத்த தடம் அது; குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தருகே வைத்த சிறு முனீஸ்வரன் சன்னதிதான் இன்று காமன்வெல்த் வட்டாரத்தில் பெரிய கோவிலாக நிற்கிறது. அங்கே செய்யும் தவறு, நண்பகலில் போவது. பல இடங்களில் நிழலே இல்லை. இடப்பக்கம் ஒதுங்கி நடங்கள், சைக்கிள்கள் வரும்.

கடைசித் தவறு நடை முடிந்த பிறகு நடக்கிறது. தாம்சன் பூங்காவை ஒட்டிய பழைய அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடந்தது; அந்த வளைவுகளில் இன்றும் சிலருக்குக் கால் தானாக அழுத்துகிறது. அந்தச் சாலையின் இரு பக்கமும் வாழ்வது ராஃபிள்ஸ் லங்கூர் குரங்கு. சிங்கப்பூரில் மிஞ்சியிருப்பவை நூறுக்கும் குறைவு. அவை கடப்பதற்காகச் சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஆனால் எல்லாக் குரங்கும் எல்லா நேரமும் கயிற்றைத் தேடிப் போவதில்லை. அங்கே மெதுவாக ஓட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை மேலே பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள்.