நாடே துயருற்ற நாளை ஆண்டுகள் கழித்து எழுதி வைப்பது எப்படி

ஒரு தேசத்தையே உலுக்கிய துயரம் நிகழ்ந்து பத்தோ இருபதோ ஆண்டுகள் கடந்த பின், அன்று தாம் எங்கே இருந்தோம், எப்படிக் கேள்விப்பட்டோம், அடுத்து என்ன செய்தோம் என்பதை எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உறவை இழந்தவரும் எழுதலாம், தொலைவிலிருந்து செய்தியாக மட்டும் அறிந்தவரும் எழுதலாம். இருவருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே: அன்று நீங்கள் நின்ற இடத்திலிருந்து மட்டும் எழுதுங்கள். தொலைவில் இருந்தவர் அந்தத் தொலைவை மறைக்காமல் எழுதினால்தான், அருகில் இருந்து துன்பப்பட்டவரின் சொல்லுக்கு உரிய இடம் கிடைக்கும்.

முதல் வேலை, எதையும் சரிபார்க்காமல் நினைவில் இருப்பதை அப்படியே எழுதுவது. பழைய நாளிதழ்களையோ காணொளிகளையோ அதற்கு முன் புரட்டாதீர்கள். அண்ணன் தம்பியிடமோ நண்பரிடமோ கேட்கவும் வேண்டாம். புறச்செய்தி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், எது உங்கள் நினைவு, எது படித்தது என்று பிரித்தறிவது பிறகு மிகவும் கடினம். ஒரே அமர்வில் எழுதி முடித்து, எழுதிய நாளைத் தாளின் மேலே குறித்துவிட்டு, ஒவ்வொரு விவரத்தின் ஓரத்திலும் அது நேரில் கண்டதா, பிறர் சொன்னதா, பின்னால் ஊகித்ததா என்று அடையாளம் இடுங்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தோன்றலாம். பெருந்துயரச் செய்தியைக் கேட்ட கணம் ஒளிப்படம்போல மனத்தில் பதிந்துவிடுகிறது என்ற கருத்தை, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் கொலை உள்ளிட்ட நிகழ்வுகளின் நினைவுகளை ஆராய்ந்து 1977-இல் பிரவுன், குலிக் என்ற இரு உளவியலாளர்கள் முன்வைத்தார்கள். ஒளிப்படக் கருவியின் மின்னல் விளக்கைக் குறிக்கும் ‘ஃபிளாஷ்பல்ப் நினைவு’ என்ற பெயரும் அவர்கள் இட்டதுதான். அந்தப் பதிவு நாம் நம்பும் அளவுக்கு உறுதியானதன்று என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் ஏழு பேருடன் வெடித்துச் சிதறிய மறுநாள் காலையில், உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தம் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தியைக் கேட்ட விதத்தை எழுதி வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் மீண்டும் கேட்டபோது, கால்வாசிப் பேர் முக்கிய விவரங்கள் அனைத்திலும் மாறுபட்டுச் சொன்னார்கள். வகுப்பறையில் கேள்விப்பட்டதாக முதலில் எழுதிய ஒருவர், விடுதி அறையில் தொலைக்காட்சியில் பார்த்ததாக உறுதியுடன் விவரித்தார். அவர்கள் பொய் சொல்லவில்லை. தம் கையெழுத்தையே காட்டிய பிறகும் சிலருக்குப் பழைய நினைவு திரும்பவில்லை. ஆகவே, தெளிவாக நினைவிருப்பதே உண்மைக்குச் சான்று என்று கொள்ளாதீர்கள்.

இதில் தொலைக்காட்சியின் பங்கு பெரிது. 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பின்மீது விழுந்தது. அது மோதிய கணம் படமாக்கப்படவே இல்லை. இருந்தும், சில மாதங்களுக்குப் பின் நடந்த ஆய்வில், அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டதாகப் பாதிக்கும் மேற்பட்டோர் கூறினார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரத்தில் முதல் விமானம் மோதியதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ் பின்னர் பொதுமேடையிலேயே சொன்னார். அந்தக் காலை வேளையில் அக்காட்சி எங்கும் ஒளிபரப்பாகியிருக்கவில்லை. எனவே உங்கள் நினைவில் வரும் ஒவ்வொரு காட்சியிடமும், ‘இதை நான் அன்றே பார்த்தேனா, ஆண்டுதோறும் நினைவு நாளில் காட்டப்பட்டதைப் பார்த்தேனா’ என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள்.

இதன் பிறகே சரிபார்க்கத் தொடங்க வேண்டும். பெரும்பாலும் கிழமையும் நேரமுமே பிழையைக் காட்டிக்கொடுக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைப் பற்றிப் பள்ளி வகுப்பில் கேள்விப்பட்டதாக ஒருவருக்கு நினைவிருந்தால், அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை நாள்காட்டி சொல்லிவிடும். நியூயார்க்கில் முதல் விமானம் மோதிய காலை 8.46 மணி, இந்தியாவில் மாலை 6.16 மணி, அதைக் காலைச் செய்தியாகக் கேட்டதாக இந்தியாவில் இருந்த ஒருவர் எழுதினால், அது மறுநாள் காலையாக இருந்திருக்கலாம். இப்படிப் பிழை தெரிந்ததும் பழைய வரியை அடித்துவிடாதீர்கள். அதை அப்படியே விட்டு, கீழே வேறு மையில் திருத்தத்தையும் அது எதிலிருந்து தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இறந்தோர் எண்ணிக்கைக்கும் இதே முறைதான்: செப்டம்பர் 11 தாக்குதலில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கலாம் என்று முதல் வாரங்களில் கூறப்பட்டது, பிறகு அது 2,977 என்று உறுதியானது. அந்த முதல் எண் உங்கள் நினைவில் இருந்தால், அன்றைய அச்சத்தின் அளவைக் காட்டும் சான்றாக அதுவும் இருக்கட்டும்.

உணர்ச்சிகளை எழுதும்போது இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். செப்டம்பர் 11 நினைவுகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், இடம், நேரம் போன்ற விவரங்களைவிடத் தாம் அன்று என்ன உணர்ந்தோம் என்பதையே மக்கள் தவறாக நினைவுகூர்கிறார்கள் என்று கண்டார்கள். இன்றைய துயரத்தை அன்றைய நாளின்மேல் ஏற்றிவிடுவது நம் எல்லோருக்கும் இயல்பு. அன்று இரவு நீங்கள் வழக்கம்போல் உண்டு உறங்கியிருக்கலாம், சிறுவயதில் விடுமுறை கிடைத்ததற்கு மகிழ்ந்திருக்கலாம். அதை எழுதக் கூச்சப்பட வேண்டாம். ‘நாடே அழுதது’ என்ற வரி எல்லா இரங்கற் கட்டுரைகளிலும் இருக்கிறது. ஒரு வீட்டில் அன்று மாலை என்ன நடந்தது என்பது அந்த வீட்டில் இருந்தவர் எழுதினால் ஒழிய எங்கும் இராது.

வதந்திகளையும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் எவரும் எழுத விரும்பாத பகுதி அதுதான். யார்மீது முதலில் பழி விழுந்தது, அதை யார் சொன்னார்கள், நீங்கள் நம்பினீர்களா, எத்தனை நாள் நம்பினீர்கள் என்பதை எழுதுங்கள். 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்பட்ட மாலையில், கொன்றவர் ஓர் இந்து என்பதை வானொலியில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டியிருந்தது. கொன்றவர் முஸ்லிம் என்ற வதந்தி முந்திக்கொண்டால் எத்தனை உயிர்கள் போகும் என்ற அச்சமே அதற்குக் காரணம். பழி சுமத்தப்பட்டுப் பின்னர் குற்றமற்றவர் என்று தெரிந்தவர்களைப் பற்றி எழுதும்போது, அந்தப் பிற்பகுதியையும் அதே பத்தியிலேயே சேர்த்துவிடுங்கள்.

பிறரிடம் கேட்பதாயின் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கூடியிருந்து பேசினால், உரத்துச் சொல்பவரின் நினைவே எல்லோருடையதும் ஆகிவிடும். உயிர் பிழைத்தவர்களையும் உறவை இழந்தவர்களையும் நினைவு நாளன்று கேள்விகளுடன் அணுகுவதை நான் ஏற்கமாட்டேன். அவர்களே குறிக்கும் நாளில் சென்று, அவர்கள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, எழுதியதை வாசித்துக் காட்டி இசைவு பெற்ற பிறகே அதை வெளியில் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் பெயரும் ஊரும் நீக்கப்பட வேண்டும். இழந்தவர் நீங்களே என்றால், எழுதும் நாட்களில் உறக்கம் கெட்டு அந்தக் காட்சிகள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கினால், எழுதுவதை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். பதிவு காத்திருக்கும்.

முடித்த பிரதியைத் திரும்ப எழுதி அழகுபடுத்த வேண்டாம். அடுத்த நினைவு நாளில் புதிதாக ஏதேனும் நினைவுக்கு வந்தால், அந்த நாளைக் குறித்து அடியில் சேர்த்து எழுதுங்கள். அக்காலத்து நாட்குறிப்பு, கடிதம், ஒளிப்படம் எதுவும் கிடைத்தால், அதில் இருப்பவர் யார், எடுத்தது எப்போது என்பதைத் தனித்தாளில் எழுதி அதனுடன் இணைத்து, ஒரு பிரதியை வேறொரு வீட்டில் உள்ள நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள்.