10 சென்ட், 60 வீடு: நாட்டுத் தக்காளி வளர்த்து விற்கும் வழி

நாட்டுத் தக்காளி போடலாம் என்று இருக்கிறேன், எந்த விதை வாங்கட்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாருக்கு விற்கப்போகிறீர்கள்? அதற்குப் பதில் இல்லாமல் நாற்றங்கால் பக்கம் போகவே வேண்டாம்.

எங்கள் காடு, அதாவது தோட்டம், ஒட்டன்சத்திரம் பக்கம். பெரிய காய்கறி மார்க்கெட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் நாட்டுத் தக்காளியை அங்கே ஏற்றுவதில்லை. 14 கிலோ பெட்டியில் போட்டுக் கட்டினால் அடியில் கிடக்கும் பழம் ஏலம் முடிவதற்குள் சாறு விட்டுவிடும். அப்புறம் கமிஷன், சுமைக்கூலி, வண்டி வாடகை. மார்க்கெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கேரளாவுக்கு லாரி ஏறும் சரக்குக்குத் தடித்த தோல் வேண்டும். பெங்களூர்த் தக்காளி அதற்கென்றே வந்தது. நம் பழத்துக்குத் தோல் மெல்லிசு, சாறு அதிகம், புளிப்பு தூக்கல். ரசத்துக்கும் தொக்குக்கும் அதைத் தேடுகிறவர்கள் பக்கத்து டவுனிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் நடுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். பாருக்குப் பார் (செடி நடும் மேட்டு வரிசை) மூன்றடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி விட்டால் 10 சென்டில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக நாற்றுப் பிடிக்கும். நோய், மழை, அணில் எல்லாம் போகச் செடிக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடக் கிடைத்தால் சந்தோஷம். இந்தத் தொள்ளாயிரம் கிலோ, பறிப்பு தொடங்கியதிலிருந்து ஏழெட்டு வாரத்துக்குப் பரவி வரும், அதாவது வாரத்துக்கு 120 கிலோ. ஒரு வீட்டுக்கு வாரம் 2 கிலோ என்றால் 60 வீடு. இந்த 60 வீட்டைப் பிடித்த பிறகு நடுங்கள். இன்னும் வீடுகள் சேர்ந்தால் முதல் நடவுக்கு நாற்பது நாள் கழித்து அடுத்த 10 சென்ட். ஒரே நாளில் ஒரு ஏக்கர் நட்டால் பழம் எல்லாம் அதே ஏழெட்டு வாரத்துக்குள் வந்து குவியும், கடைசியில் மார்க்கெட்டுக்குத்தான் ஓட வேண்டும்.

இப்போது விதை. கடைகளில் 'நாட்டு ரகம்' என்று கொடுப்பது பெரும்பாலும் பி.கே.எம்-1 ஆக இருக்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் சடுதிமாற்றம் உண்டாக்கித் தேர்ந்தெடுத்தது அது. தட்டையான உருண்டை, காயில் காம்பைச் சுற்றிக் கரும்பச்சை. விதை எடுத்துத் திரும்ப விதைக்கலாம், வறட்சி தாங்கும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நல்ல ரகம். அதோடு உங்கள் பகுதியில் பாட்டிமார் கொல்லையில் வைத்திருக்கும் வரிவரியான பழம் கிடைத்தால் இரண்டு பார் நட்டுப் பாருங்கள். எங்கள் காட்டில் இரண்டும் இருக்கின்றன. என் நாக்குக்கு வரிப்பழம்தான் முதல். ஹைபிரிட் பழத்திலிருந்து மட்டும் விதை எடுக்காதீர்கள். அடுத்த தலைமுறையில் செடிக்குச் செடி குணம் மாறும்.

காம்பைச் சுற்றிய அந்தக் கரும்பச்சைத் தோளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று பல காலமாக ரகங்களைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். அப்படிச் செய்ததில் காயில் பச்சையம் கூட்டும் மரபணு ஒன்று செயலிழந்துபோனது, அதனால் பழத்தில் சர்க்கரையும் குறைந்தது என்று 2012-இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. காம்புப் பக்கம் மஞ்சளாக நிற்கிறதே என்று யாராவது பழத்தை ஒதுக்கினால் இதைச் சொல்லுங்கள். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்கிறார்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது எல்லாப் பயிருக்கும் பொருந்தாது. ஆடியில் விதைத்தால் பழம் சிவக்கும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும்; மெல்லிய தோல் வெடித்துவிடும். வைகாசியில் விதைத்தால் ஆவணி, புரட்டாசியில் பறித்து முடிக்கலாம். கார்த்திகை விதைப்பு அதைவிட நல்லது. குளிர்ந்த இரவுகளில் பூத்து, மாசி பங்குனி வெயிலில் பழுக்கும். ருசி அப்போதுதான் உச்சம். மாசியில் விதைத்தால் சித்திரைச் சூட்டில் பூ உதிரும், இரவும் குளிராவிட்டால் பிஞ்சு நிற்காது. எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றும் உண்டு. அதனால் மேற்கு வரப்பில் அகத்தி வளர்த்து வைத்திருக்கிறோம்.

10 சென்டுக்கு 5 கிராம் விதை போதும். சூடோமோனாஸில் (நோயைத் தடுக்கும் நன்மை பாக்டீரியாத் தூள்) புரட்டி, மேட்டுப்பாத்தியிலோ குழித்தட்டிலோ விதைத்து, முதல் நாளிலிருந்தே நெருக்கமான நைலான் வலை போட்டு மூடுங்கள். இந்த ஒரு வேலையில் சோம்பல் ஆகாது. இலைச்சுருள் வைரஸை வெள்ளை ஈ கொண்டுவருகிறது. நாற்றிலேயே தொற்றிய செடி பிழைத்தாலும் காய்க்காது. வயலைச் சுற்றி இரண்டு வரிசை சோளமோ மக்காச்சோளமோ முன்னதாகவே விதைத்துவிட்டால் ஈ உள்ளே வருவது குறையும். நட்ட பிறகு சுருள் கண்ட செடியை இரக்கம் பார்க்காமல் பிடுங்கிப் புதையுங்கள்.

25 நாள் நாற்றை மாலையில் நடுங்கள். 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை உயரச் செண்டுமல்லி, அதுவும் 40 நாள் நாற்றாக இருந்தால் தக்காளி பூக்கும்போதே அதுவும் பூக்கும்; காய்ப்புழுத் தாய்ப்பூச்சி முட்டையிட அங்கே போகும். கத்தரி, மிளகாய் இருந்த இடத்தில் உடனே தக்காளி வைக்க வேண்டாம், ஒரே குடும்பம் என்பதால் நோயும் பொது. நன்றாக இருந்த செடி திடீரென்று பச்சையாகவே வாடினால் தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால்போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல், அந்த இடத்தில் பல பட்டம் தக்காளியை மறந்துவிட வேண்டும்.

தரையில் படரவிட்டாலும் காய்க்கும்தான். ஆனால் மண் பட்ட பழம் வீடுகளுக்குப் போகும் கூடைக்கு ஆகாது. சவுக்குக் குச்சி ஊன்றிச் சணல் கட்டுங்கள். தண்ணீரைக் காயப்போட்டுப் பிறகு ஒரேயடியாகப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும், காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். அந்த அழுகல் தொற்றுநோய் இல்லை. ஈரம் ஏறி இறங்குவதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமல் வருவது. மூடாக்கும் (செடியடியில் பரப்பும் சருகு, வைக்கோல்) சொட்டுநீரும் இருந்தால் பாதிக்குமேல் தீரும், மருந்து தேட வேண்டாம்.

பறிப்புதான் நாட்டுத் தக்காளியில் நுணுக்கமான வேலை. பனி உலர்ந்ததும் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். பாதி சிவந்த பழம் எடுத்தால் வீட்டில் இரண்டு நாளில் முழுசாகச் சிவக்கும். காம்பைத் திருகி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பழத்தைக் குத்திவிடும். ஆழமில்லாத டிரேயில், காம்புப் பக்கம் கீழாக, இரண்டு அடுக்குக்கு மேல் போகக்கூடாது. வாங்குகிறவர்களிடம் பிரிட்ஜில் வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் வாசம் செத்துவிடும்.

விலையை எப்படி வைப்பது? நாற்று, எரு, குச்சி, ஆள்கூலி, பெட்ரோல், உங்கள் சொந்த உழைப்பு எல்லாம் கூட்டி, பருவத் தொடக்கத்தில் ஒரு விலை சொல்லுங்கள். முடியும் வரை அதே விலை. மார்க்கெட்டில் கிலோ 5 ரூபாய்க்கு விழும்போதும் என் வீடுகள் அந்த விலையே கொடுக்கிறார்கள். 2023 ஆடியில் சென்னையில் சில்லறை விலை கிலோ 150 ரூபாயைத் தாண்டியபோது நானும் ஏற்றவில்லை. அந்த வாரம் ஏற்றியிருந்தால் கொஞ்சம் காசு வந்திருக்கும், ஆனால் 60 வீடு நின்றிருக்காது.

வீடுகளுக்குப் போக மிஞ்சுவதற்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999-இல் மதுரையில் தொடங்கியது, இப்போது பல ஊர்களில் உண்டு. விவசாயி அடையாள அட்டை எடுத்தால் கமிஷன் இல்லாமல் நேரே விற்கலாம். அங்கே பி.கே.எம்-மையும் வரிப்பழத்தையும் கலக்காமல் தனித்தனியாகக் குவியுங்கள். வெடித்த பழத்தைக் காலையிலேயே பக்கத்து மெஸ்ஸுக்குக் குறைந்த விலையில் கொடுத்துவிடுங்கள், ரசத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். தொக்காக்கி விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும்.

அடுத்த பட்டத்து விதைக்குப் பழத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், செடியைப் பாருங்கள். நோயில்லாமல் கடைசி வரை காய்த்த பத்திருபது செடிகளில் சிவப்புத் துணி கட்டி, இரண்டாம் மூன்றாம் கொத்துப் பழங்களைக் கொடியிலேயே முழுசாகக் கனியவிடுங்கள். வேறு ரகத் தக்காளியிலிருந்து 25 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்; தன் மகரந்தத்தில் காய்க்கும் பயிர்தான் என்றாலும் வண்டு கொஞ்சம் கலந்துவிடும். கூழைப் பிழிந்து, தண்ணீர் சேர்க்காமல் ஒன்றிரண்டு நாள் புளிக்கவைத்தால் முளைப்பைத் தடுக்கும் வழுவழுப்பு கழன்றுவிடும். அதற்குமேல் விட்டால் பாத்திரத்திலேயே முளைத்துவிடும். அலசினால் மிதப்பது பொக்கு, கொட்டிவிடலாம். அடியில் தங்கியதைத் தட்டில் பரப்பி நிழலில் காயவையுங்கள், காகிதத்தில் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ரகமும் வருடமும் எழுதி ஒட்டினால் நாலு வருடம் வரை முளைப்பு இருக்கும். விதைக்கும் முன் 20 விதையை ஈரத்துணியில் மடித்து ஒரு வாரம் பாருங்கள். 16 முளைத்தால் நாற்றங்காலுக்குப் போகலாம், பாதிதான் முளைத்தது என்றால் இரட்டிப்பாகத் தூவுங்கள்.