திருகோணமலைக் கரையோரம்: நடப்பவர்களும் சைக்கிளோடுபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை நகரம் ஒரு குடாநாட்டின் கழுத்தில் அமைந்திருப்பதால், கிழக்கே டச்சுக் குடா, மேற்கே உட்துறைமுகம் என இரு புறமும் அதற்குக் கடல் வாய்த்திருக்கிறது. இங்கு சைக்கிளோட வருபவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டே காற்றை மறந்துவிடுவதுதான் முதல் தவறு. வைகாசி தொடக்கம் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் நாட்களில், உப்புவெளி வழியாக ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலாவெளிக்குப் போகும்போது காற்றே முதுகைத் தள்ளிக் கொடுக்கும்; கால் நோகாததைத் தம் பலமென்று நினைத்துப் பலர் மேலும் தூரம் போய்விடுகிறார்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும், வெயிலும் உச்சிக்கு ஏறியிருக்கும். மறைப்பு எதுவுமில்லாத சாம்பல்தீவுப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே விடியும்போதே புறப்பட்டு, கொண்டுபோகும் தண்ணீரில் பாதியைத் திரும்பும் வழிக்கென்று வைத்திருங்கள்.

ஈரமணலில் சைக்கிளோடுவது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் உப்பு நீர் பட்ட செயினைத் துடைத்துவிட்டால் போதுமென்று விட்டுவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, முற்றாக உலர்ந்த பிறகே எண்ணெய் விட வேண்டும். ஈரத்தின் மேல் எண்ணெய் விட்டதால் என் செயின் சில நாட்களிலேயே செந்துரு பிடித்து, கண்ணிகள் மடங்காமல் இறுகிப் போயின. காலையில் கரைவலை இழுக்கும் இடங்களில் கயிற்றின் மேல் சைக்கிளை ஏற்றாமல், இழுப்பவர்களுக்குப் பின்புறமாகச் சுற்றிப் போக வேண்டும்.

நடைபாதை இல்லாத வீதியில் வாகனங்களுக்கு முதுகு காட்டி நடப்பது ஆபத்தானது. எதிரே வருவதைக் காணும்படி வலப்புறமாக நடக்க வேண்டும். கடற்படைத் தளத்தின் பக்கம், வரைபடத்தில் வீதி நீள்கிறது என்பதற்காக உள்ளே போக முடியாது.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரட்ரிக் கோட்டையில் நடக்கும் தவறுகளே என்னை மிகவும் வருத்துகின்றன. அங்கு மர நிழலில் படுத்திருக்கும் புள்ளிமான்கள் டச்சுக் குடாக் கடற்கரைக்கும் இறங்கி வருகின்றன. ஒரு மான் வீதியைக் கடந்தவுடன் வழி விட்டதென்று சைக்கிளை மிதித்துவிடக் கூடாது. அதன் பின்னால் குட்டியோ இன்னொன்றோ பாய்ந்து வரும். மணியடித்தால் அவை மிரண்டு எந்தப் பக்கமும் ஓடக்கூடும் என்பதால், இறங்கி நின்று எல்லாம் கடந்த பிறகு போவதே சரி. சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீனில் உப்பும் குழம்பும் ஒட்டியிருப்பதால் மான்கள் அதையும் சேர்த்தே மெல்லுகின்றன. ஒருநாள் மாலை, ஒரு மானின் கடைவாயில் பாதிப் பொலித்தீன் தாள் தொங்க, மீதியை அது விழுங்கிக்கொண்டிருந்ததை மிக அருகில் நின்று கண்டேன். அந்தத் தாள் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும். நிரம்பி வழியும் குப்பைத் தொட்டியையும் மான்கள் கிளறுகின்றன; எனவே சோறு சுற்றிய தாளை மடித்து முடிந்து, உங்கள் பையிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.