கேம் சேகரிப்புக்கு அளவெடுத்துச் செய்யும் அலமாரி

வீடியோ கேம் சேகரிப்பு சில நூறுகளை எட்டும்போது, அதுவரை கைகொடுத்து வந்த புத்தக அலமாரி போதாமல் போகிறது. சாதாரணப் புத்தக அலமாரியின் ஆழம் 280 முதல் 300 மி.மீ. வரை இருக்கும், கேம் கேஸின் அகலமோ பெரும்பாலும் 135 மி.மீ. தான். ஆகவே பாதி ஆழம் வீணாகிறது, அல்லது முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை அடுக்கி, பின்வரிசையில் இருப்பதை நாமே மறந்துவிடுகிறோம். காட்சிக்கு வைக்கும் சேகரிப்பில் ஒவ்வொரு கேஸின் முதுகும், அதாவது பெயர் அச்சிட்ட ஒடுங்கிய விளிம்பும், கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு அலமாரியின் அளவுகளைக் கேஸிலிருந்து தொடங்கி வெளியே நோக்கிக் கணக்கிட வேண்டும். அறையின் அளவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் உங்களிடம் உள்ளவற்றை உயரவாரியாகப் பிரித்து எண்ணுங்கள். பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப், வீ, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவை டிவிடி கேஸின் அளவைக் கொண்டவை: உயரம் சுமார் 190 மி.மீ., தடிமன் சுமார் 14 மி.மீ. பிளேஸ்டேஷன் 3, 4, 5 ஆகியவற்றின் கேஸ்கள் ஏறத்தாழ 170 மி.மீ. உயரமே உள்ளவை, அகலம் அதே 135. நிண்டெண்டோ ஸ்விட்ச் கேஸும் 170 மி.மீ. உயரம்தான், ஆனால் அகலம் 105, தடிமன் 11 என்று ஒடுங்கியிருக்கும். முதல் பிளேஸ்டேஷனின் சிடி பெட்டி 125 மி.மீ. உயரமும் 142 மி.மீ. அகலமும் கொண்டது. கார்ட்ரிட்ஜ் காலத்து அட்டைப் பெட்டிகள் ஊருக்கு ஊர், கன்சோலுக்குக் கன்சோல் மாறுபடுவதால் அவற்றை நீங்களே அளந்து குறித்துக்கொள்வதே நல்லது. பத்து கேஸ்களைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்தால் தடிமன் துல்லியமாகக் கிடைக்கும். அப்படியே எடையும் போட்டுவிடுங்கள். கையேட்டுடன் கூடிய ஒரு கேஸ் சுமார் 100 கிராம் என்று கொண்டால், ஒரு மீட்டர் நீளத் தட்டில் எழுபது கேஸ்கள், அதாவது ஏழு கிலோ சுமை நிற்கும்.

இந்தச் சுமை அதிகமில்லை என்று தோன்றலாம். ஆனால் தட்டு தொய்வதைத் தீர்மானிப்பது சுமையைவிட நீளமே. ஒரே சீராக அடுக்கப்பட்ட தட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் நடுவில் ஏற்படும் தொய்வு பதினாறு மடங்காகிறது. தடிமனை 12 மி.மீ.யிலிருந்து 18 மி.மீ.க்கு உயர்த்தினால் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைகிறது. 18 மி.மீ. பிளைவுட்டில் 750 மி.மீ. நீளத் தட்டு இந்தச் சுமைக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தொய்யாது. அதையே 1,500 மி.மீ. நீளமாக விட்டால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளைந்து, அடுக்கின் கோடு கண்ணை உறுத்தும். நான் முதலில் செய்த அலமாரியில் ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு, மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டைப் பயன்படுத்தினேன். அது ஏற்றிய அன்று நேராகத்தான் நின்றது. மாதங்கள் செல்லச் செல்லத் தானாக வளைந்தது. தொடர்ந்து நிற்கும் சுமைக்குக் கீழே மெல்ல மெல்ல இளகுவது அந்தப் பலகையின் இயல்பு. எனவே பிளைவுட்டையே பரிந்துரைக்கிறேன். மேற்பரப்பின் இழையோட்டம் தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும்.

இனி வெட்டும் கணக்கு. 2,440 × 1,220 மி.மீ. பிளைவுட் ஒன்றை நீளவாக்கில் பட்டைகளாகப் பிளக்க வேண்டும். ஆழம் 150 மி.மீ. என்று வைத்தால் எட்டுப் பட்டைகளுக்கு 1,200, ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் தின்னும் 3 மி.மீ. வீதம் ஏழு வெட்டுகளுக்கு 21, ஆக 1,221. பலகையைவிட ஒரு மில்லிமீட்டர் அதிகம் என்பதால் ஏழு பட்டைகளே கிடைக்கும். ஆழத்தை 149 மி.மீ. ஆக்கினால் எட்டும் கிடைத்துவிடும். அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டுக்கொடுப்பதில் எந்த நட்டமும் இல்லை, 142 மி.மீ. அகலமுள்ள சிடி பெட்டியும் அதில் அடங்கும். எட்டுப் பட்டைகளில் மூன்றிலிருந்து 1,682 மி.மீ. உயரமுள்ள நிலைப்பலகை ஒன்றும் 750 மி.மீ. தட்டு ஒன்றுமாக எடுங்கள். மற்ற ஐந்திலிருந்து மும்மூன்று தட்டுகள் வரும். மொத்தம் மூன்று நிலைப்பலகைகள், பதினெட்டுத் தட்டுகள்; இது இரண்டு பத்திகளும் பத்திக்கு எட்டு அறைகளும் கொண்ட அலமாரிக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஓரங்களில் மிச்சம் சில மில்லிமீட்டர்களே என்பதால், மூலை நொறுங்காத பலகையைத் தேர்ந்தெடுங்கள். நேர்வெட்டு இயந்திரம் உள்ள இடத்தில் கொடுத்து வெட்டுவது பாதுகாப்பானது.

இந்த 1,682 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 170 மி.மீ. கேஸுக்கு மேலே விரல் நுழைய 20 மி.மீ. விட்டால் அறையின் உயரம் 190, தட்டின் தடிமன் 18, ஆக ஓர் அறைக்கு 208. எட்டு அறைகளுக்கு 1,664, அத்துடன் கடைசித் தட்டின் 18. ஆனால் 190 மி.மீ. அறையில் 190 மி.மீ. டிவிடி கேஸ் நுழையாது; அதனால் எல்லாத் தட்டுகளையும் நிரந்தரமாக இறுக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு பத்தியிலும் மேல், நடு, கீழ் ஆகிய மூன்றை மட்டும் திருகாணியால் நிலைநிறுத்திவிட்டு, மற்ற ஆறையும் 5 மி.மீ. உலோக முளைகளின் மேல் அமர்த்துங்கள். துளைகளை 16 மி.மீ. இடைவெளியில் இட்டால் எல்லா உயரங்களும் இசைந்துவரும்: 208 என்பது பதின்மூன்று துளை இடைவெளி, டிவிடி கேஸுக்கு வேண்டிய 224 பதினான்கு, சிடி பெட்டிக்கு 176 பதினொன்று. உதாரணமாக, நடுத்தட்டுக்குக் கீழே 208 வீதம் நான்கு அறைகள். அதற்கு மேலே ஒரு 208, இரண்டு 224, உச்சியில் ஒரு 176. இரண்டு பாதிகளும் 832 தான். சேகரிப்பு நாளை வேறு கன்சோல் பக்கம் சாய்ந்தாலும் தட்டுகளை மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

துளைகளை ஒவ்வொன்றாக அளந்து இடுவது பிழைக்கு வழி. ஒரு கெட்டியான பட்டையில் துளைகளை ஒருமுறை துல்லியமாக இட்டு, அதையே அச்சாக வைத்து எல்லா நிலைப்பலகைகளிலும் இடுங்கள். அச்சின் அடிமுனை எப்போதும் பலகையின் அடிமுனையோடு ஒட்டியிருக்க வேண்டும். நடுநிலைப்பலகையில் இருபுறமும் துளை வருவதால் ஆழம் 8 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. டிரில் முனையில் ஒட்டுநாடா சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நகரும் தட்டுகளை 748 மி.மீ. ஆகக் குறைத்தால் உரசாமல் எளிதில் அமரும்.

இணைக்கும்போது மரப்பசையுடன் திருகாணி இடுங்கள். திருகாணிக்கு முன் சிறு துளை இடாவிட்டால் பிளைவுட்டின் விளிம்பு பிளந்துவிடும். நடுநிலைப்பலகையில் இருபுறத் தட்டுகளும் ஒரே உயரத்தில் சந்திப்பதால், ஒரு பக்கத் திருகாணிகளைச் சற்று சாய்த்துத் தட்டின் அடியிலிருந்து ஏற்ற வேண்டும். சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, அவை சமமான பிறகே 6 மி.மீ. பின்பலகையை அடியுங்கள். பின்பலகை இல்லாத அலமாரி பக்கவாட்டில் ஆடும். கேஸ்களும் சுவரின் ஈரத்தைத் தொடும். அதை இரண்டு துண்டுகளாக வெட்டி, இணைப்பு நடுநிலைப்பலகையின் பின்னே மறையும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சுவரோடு பிணைப்பது. ஆழம் 149, உயரம் 1,682 உள்ள ஒன்று தானாக நிற்காது. நிறைத்த பிறகு மொத்த எடை 100 கிலோவைத் தாண்டும். ஒரு குழந்தை தட்டைப் பிடித்து ஏறினாலே முன்னால் சாய்ந்துவிடும். மேல்தட்டின் அடியில் மூன்று இடங்களில் எல் வடிவ இரும்புப் பட்டைகளை வைத்து, செங்கல் அல்லது கான்கிரீட் சுவரானால் பிளக் அடித்தும், ஜிப்சம் பலகைச் சுவரானால் உள்ளிருக்கும் சட்டக் கால்களைத் தேடி அவற்றிலும் திருகாணி இடுங்கள். இதைச் செய்து முடிக்கும்வரை ஒரு கேஸைக்கூட ஏற்ற வேண்டாம்.

உப்புத்தாளால் தேய்த்து, விளிம்புகளுக்கு மெல்லிய மரப்பட்டை ஒட்டி, வண்ணமோ பாலிஷோ பூசுங்கள். பூச்சு தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுகச் சில வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு அடுக்கினால் பிளாஸ்டிக் கேஸ்களின் அடிப்பகுதி பூச்சோடு ஒட்டிக்கொள்ளும். பழைய அட்டைப் பெட்டிகள் அந்த வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

அடுக்கும்போது கவனிக்க வேண்டியது முகப்புக் கோடு. 105 மி.மீ. அகல ஸ்விட்ச் கேஸ்களைப் பின்னால் தள்ளினால் மற்ற வரிசைகளைவிட 30 மி.மீ. உள்ளே போய்விடும், அந்தத் தட்டுகளின் பின்புறம் 30 மி.மீ. அகலக் கட்டை ஒன்றை வைத்தால் எல்லா முதுகுகளும் ஒரே கோட்டில் நிற்கும். இந்தச் சிறு கட்டை தரும் ஒழுங்கை நேரில் பார்த்தால்தான் புரியும். நேர் வெயில் படும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். புற ஊதாக் கதிர்களால் அச்சு மை வெளிறும், சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும். வெளிச்சத்துக்கு எல்இடி பட்டை போதும்; அதைத் தட்டின் முன்விளிம்புக்கு அடியில் உள்நோக்கிப் பொருத்தினால் முதுகெழுத்துகள் தெளிவாகத் தெரியும், பின்னால் பொருத்தினால் நிழலுருவே மிஞ்சும். அட்டைப் பெட்டிகளுக்கு பிவிசி உறை வேண்டாம், அதிலுள்ள மென்மையாக்கி காலப்போக்கில் கசிந்து ஒட்டும். பெட் (PET) எனும் பிளாஸ்டிக்காலான உறை நல்லது. டிஸ்க் கேஸ்கள் செங்குத்தாகவே நிற்கட்டும். 750 மி.மீ. தட்டில் ஐம்பத்து மூன்று டிவிடி கேஸ்கள் கொள்ளும் என்றாலும் நாற்பத்தைந்தோடு நிறுத்துங்கள். நெருக்கி அடைத்தால் ஒன்றை இழுக்கும்போது பக்கத்துக் கேஸின் உறைத்தாள் சுருங்கும். மேலும், அகர வரிசையில் அடுக்குபவர் புதிதாக ஒன்று வாங்கியதும் எட்டுத் தட்டுகளையும் நகர்த்த நேரிடாமல் அந்தந்தத் தட்டிலேயே இடம் இருக்கும்.