புறாத்தீவுக்குப் போகுமுன்: முருகைக்கற்பாறைகளைச் சிதைக்காமல் பார்த்துவர

யூலை, ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளுடன் திருகோணமலைக்கு வரும் பலர், கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீரூற்றையும் பார்த்த கையோடு நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவுக்கும் படகேறுகிறார்கள். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள இத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்ரெம்பர் வரையான மாதங்களே பயணத்துக்கு ஏற்றவை. கூட்டமும் அப்போதுதான் கூடுகிறது. ஆகவே, வார இறுதியையும் பொது விடுமுறைகளையும் தவிர்த்துக் காலையிலேயே போய்விடுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுக் கட்டணமும் படகுக் கூலியும் வெவ்வேறானவை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு அதிகம்.

பவளப்பாறை என்றும் சொல்லப்படும் முருகைக்கற்கள் கல்லைப்போலத் தெரிந்தாலும் உயிருள்ளவை. அவை தீவின் கரையை ஒட்டி, ஆழம் குறைந்த நீரிலேயே தொடங்கிவிடுகின்றன. இங்கு வருபவர்களுக்கு அது வசதி, முருகைக்கற்களுக்கோ அதுவே ஆபத்து. நீச்சல் சரியாகத் தெரியாதவரும் முகக்கண்ணாடி அணிந்து மீன்களைப் பார்க்கலாம். ஆனால் அவர் களைத்ததும் கால் ஊன்ற இடம் தேடுவார், அந்த இடம் பெரும்பாலும் உயிருள்ள முருகைக்கல்லாகவே இருக்கும். உருண்டையாக வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளர்வதால், ஒரு மிதியில் உடைந்த துண்டை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே உயிர்காப்பு அங்கியை அணிந்தே நீரில் இறங்குங்கள். நிற்க வேண்டுமானால் மணற்பரப்புக்குத் திரும்பி வந்து நில்லுங்கள். பிள்ளைகளுக்குத் துடுப்புக் காலணி வேண்டாம். அது கிளப்பும் மணல் முருகைக்கற்களின் மீது படிந்து அவற்றை மூச்சுத்திணற வைக்கும்.

வெயில் பூச்சிலுள்ள சில இரசாயனங்கள் முருகைக்கற்களைப் பாதிக்கலாம் என்று இப்போது அதிகம் பேசப்படுகிறது. அவற்றில் ஒன்றான ஒக்சிபென்சோன் கலந்த பூச்சுகளின் விற்பனையைப் பசிபிக் தீவு நாடான பலாவு 2020இலும் ஹவாய் 2021இலும் தடை செய்தன. என் கணிப்பில் நிலாவெளியில் அதைவிடக் கால்களே பெரிய தொல்லை. ஆயினும் முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் பூச்சின் தேவையே பெருமளவு குறைந்துவிடும்.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய அச்சுறுத்தல் கடல் சூடாவதுதான். வழக்கமான கோடைவெப்பத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடுதலான வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே, முருகைக்கல் தனக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடுகிறது. 1998இல் இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவையின் முருகைக்கற்பாறைகள் இவ்வாறே பேரழிவைச் சந்தித்தன. நெடுந்தூர விமானத்தில் வந்திறங்கும் நமக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நீங்கள் போகும்போது வெள்ளை வெளேரென்ற கற்களைக் கண்டால் அவை இறந்துவிட்டன என்று எண்ணி ஏறி நிற்க வேண்டாம்; நீர் குளிர்ந்தால் அவை தேறக்கூடும்.

சுண்ணாம்புக்காக முருகைக்கல் அகழ்வதும் டைனமைட் வெடி வைத்து மீன் பிடிப்பதும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. வருகையாளர் அவற்றில் செய்யக்கூடியது சிறிதே. ஆனால் நங்கூரம் உங்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டது. முருகைக்கற்களின் மேல் அதைப் போட வேண்டாம் என்று ஏறும்போதே படகோட்டி அண்ணரிடம் மரியாதையாகச் சொல்லி வைத்தால் அவர் மணலில் நிறுத்துவார். சுறாவையோ ஆமையையோ துரத்திக் காட்டச் சொல்லிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் துண்டானாலும் முருகைக்கல்லைப் பையில் போடாதீர்கள். கல்முருகை இனங்கள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எடுத்துச் செல்லும் துண்டை விமான நிலையத்தில் பறிமுதல் செய்யலாம்.